ஈர நெல்லை மேலே வையுங்கள்

 

தஞ்சைத் தரணியில் அறுவடைக் காலத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்திற்குச் சென்றவர்கள் இக்காட்சியை அறிவார்கள். களத்தில் குவித்த நெல்லின் மேற்பரப்பு வெயிலில் காய்ந்து பொன்னாகத் தெரியும். ஆனால் ஈரம் பார்ப்பவர் மேலே கிடப்பதைக் கொண்டு முடிவு செய்வதில்லை. குவியலுக்குள் கையை விட்டு உள்ளிருந்து ஒரு பிடி எடுக்கிறார். வழக்கமான வரம்பாகிய 17 சதவீதத்தை அது தாண்டினால், மேற்பரப்பு எவ்வளவு மின்னினாலும் பயனில்லை; மறுபடியும் காயவைக்க வேண்டியதுதான்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தபோது அவர்களுடைய விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். மழை பெய்தது அவருடைய குற்றமன்று. ஆயினும், நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். ஏமாற்றுகிறவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள இச்செய்தியை நாம் இதுகாறும் வியாபாரப் பாடமாக மட்டுமே மாணவர்களுக்கு நடத்தி வந்தோம். சென்ற கோடையில் ஓர் இணையதளத்தை நம்பிப் பயணம் செய்து திரும்பிய பிறகுதான், இந்த ஹதீஸ் கடைவீதியோடு நிற்பதன்று என்பது நமக்கு உறைத்தது.

அந்த இணையதளம் காவிரிப் படுகையிலுள்ள ஒரு ஜியாரத் தலத்தினுடையது. அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒரு நிர்வாகத்தின் குறையைப் பெயர் சுட்டிப் பேசத் தொடங்கினால் அது புறம் பேசுவதில் போய் முடியும் என்று அஞ்சுகிறோம். மேலும், இக்குறைகள் அந்த ஓர் ஊருக்கு மட்டும் உரியவையும் அல்ல. தர்காக்கள், பழம்பெரும் பள்ளிவாசல்கள், மத்ரஸாக்கள் என நம்மவர் நடத்தும் பக்கங்கள் பலவற்றில் இவற்றைக் காண்கிறோம். படிப்பவர் தத்தம் ஊரை நினைத்துக்கொண்டால் போதும்.

ஜியாரத் குறித்து நம்மிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிவோம். அந்த விவாதத்தை இங்கே எடுக்கவில்லை. அங்கே போகலாம் என்பவரும் கூடாது என்பவரும் ஒன்றில் உடன்படுவர்: ஜமாஅத்தின் பெயரால், வக்ஃபின் பணத்தில் எழுதப்படுவது உண்மையாக இருக்க வேண்டும்.

மாணவர்களும் அவர்தம் குடும்பத்தாருமாக ஏறத்தாழ இருபது பேர் புறப்பட்டோம். முதல் நாள் மஃரிபுக்குச் சற்று முன் பள்ளிவாசலில் அமர்ந்து அந்தத் தளத்தைத் திறந்தபோதே முதல் சோதனை வந்தது. திறந்த மாத்திரத்தில் இசையோடு கூடிய கீதம் ஒன்று உரத்து ஒலிக்க, ஸஃப்பில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தனர். நிறுத்தும் பொத்தானைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இகாமத் சொல்லிவிட்டார்கள். தொழுகைக்குப் பின் மீண்டும் பார்த்தோம். மினாராக்களின் மேல் பறந்து வரும் காணொளி, ஒன்றன்பின் ஒன்றாக மாறும் படங்கள், திரையின் அடியில் ஓடும் எழுத்துகள் எல்லாம் கண்ணைக் கவர்ந்தன. நாள் முழுவதும் திறந்திருக்கும் என்றும், பெண்கள் உளூச் செய்யத் தனியிடம் உண்டு என்றும், தங்கும் அறைகளுக்குத் தொலைபேசலாம் என்றும் எழுதியிருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ளுஹர் முடிந்து கதவு சாத்தியிருந்தது. அஸருக்குத்தான் திறப்பார்கள் என்று வாசலில் பூ விற்றவர் சொன்னார். பெண்களின் உளூ இடம் புதிதாகக் கட்டுவதற்காக இடிக்கப்பட்டுப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கொடுத்திருந்த தொலைபேசி எண்ணில் எவரும் எடுக்கவில்லை. முழங்கால் நோவுள்ள மூதாட்டி ஒருவர், நம் மாணவர் ஒருவரின் நன்னி, சித்திரை வெயிலில் மூடிய கடையொன்றின் திண்ணையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. "மூடுற நேரத்தைப் போட்டிருந்தா அஸருக்குப் பொறவு வந்திருப்போமே, ஹஜ்ரத்?" என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்குள் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. நடுப்பகலில் கதவைச் சாத்துவது குற்றமன்று. ஊழியர்களும் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுவதும் குற்றமன்று, அது பாராட்டத்தக்கது. தானியத்தின் மேல் மழை பெய்ததைப் போன்றவை இவை. நனைந்ததை அடியில் மறைத்துக் காய்ந்ததை மேலே பரப்பியதே குற்றம். மறைக்கும் எண்ணம் எவருக்கும் இல்லை, கவனக்குறைவே என்று சொல்லலாம். திண்ணையில் காத்திருந்தவருக்கு இரண்டும் ஒன்றுதான். அந்தத் தளத்தில் பிழையின்றி இயங்கியது ஒரே ஒரு பகுதி என்பதையும் சொல்லியாக வேண்டும். காணிக்கை செலுத்தும் கட்டம் எல்லாப் பக்கத்திலும் பளிச்சென இருந்தது, தொட்டதும் திறந்தது.

ஊர் திரும்பியபின் மூத்த வகுப்பு மாணவர்களிடம் அந்தத் தளத்தையே பாடமாகக் கொடுத்தோம். அழகாக இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஹதீஸ் கலையில் நாம் பழகிய இரண்டு கேள்விகளையே கேட்கச் சொன்னோம். சொன்னவர் யார்? சொல்லப்பட்டது என்ன? அறிவிப்பாளர் தொடர் இல்லாவிட்டால் எவரும் தமக்குத் தோன்றியதைச் சொல்லிவிடுவர் என்று இமாம் அப்துல்லாஹ் இப்னுல் முபாரக் (ரஹ்) எச்சரித்ததை இம்மாணவர்கள் அறிவார்கள். அவர்கள் அந்தத் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினர். வரலாறு என்ற தலைப்பின்கீழ் உள்ளதை எழுதியவர் பெயர் இல்லை. எந்த ஆண்டில் எழுதியது, எப்போது திருத்தியது என்ற குறிப்பும் இல்லை. எந்த நூலிலிருந்து, எந்தக் கல்வெட்டிலிருந்து, எந்த முதியவர் வாயிலிருந்து கேட்டது என்பதும் இல்லை. ஒரு ஹதீஸ் இப்படி வந்திருந்தால் நாம் அதை எந்த வரிசையில் வைத்திருப்போம் என்பதை மாணவர்களே சொன்னார்கள்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு அனைவரும் அறிந்த நாகூரை எடுத்துக்கொள்வோம். அங்கே ஐந்து மினாராக்கள் நிற்கின்றன. அவற்றுள் உயரமானது 131 அடி; அதைக் கட்டியவர் 1739 முதல் 1763 வரை தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாப சிங். இது வரலாறு. ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள் தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்து வைத்தார்கள், மன்னர் மகிழ்ந்து நிலம் கொடுத்தார் என்பது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. இரண்டையும் எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் முதலாவதை இன்னது என்றும், இரண்டாவதை இவ்வாறு சொல்லப்படுகிறது என்றும் பிரித்து எழுத வேண்டும். இரண்டையும் ஒரே குரலில் சொன்னால் என்ன நேரும்? ஐயமுற்றுப் படிக்கும் இளைஞர் கேள்விப்பட்டதை ஒதுக்கும்போது நிரூபணமானதையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார். ஒரு மராட்டிய இந்து மன்னர் ஒரு முஸ்லிம் இறைநேசரின் வாசலில் மினாரா எழுப்பினார் என்ற செய்தி, இன்றைய நாட்டு நிலையில் பொன்னினும் அரியது. அதைக் கதையோடு கதையாகக் கலந்து மதிப்பிழக்கச் செய்வது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு.

தேதியிலும் இதே அலட்சியம்தான். நாகூர்க் கந்தூரி ஜமாதுல் ஆகிர் மாதத்தில் கொடியேற்றத்துடன் தொடங்குவது. ஹிஜ்ரி ஆண்டு ஆங்கில ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள்கள் குறைவு. ஆகவே எந்தத் தலத்தின் கந்தூரியானாலும் ஆங்கிலத் தேதியை ஒருமுறை போட்டுவிட்டு அப்படியே விட்டால், மறு ஆண்டே அது பொய்யாகிவிடும். மூன்று ஆண்டுகளில் ஒரு மாதமே தள்ளிப்போகும். வளைகுடாவிலும் மலேசியாவிலும் பணிபுரியும் நம் பிள்ளைகள் அந்தத் தேதியை நம்பித்தான் விடுப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள், பயணச்சீட்டு எடுக்கிறார்கள்.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைச் சுட்டது வேறொன்று. அந்த வகுப்பில் பார்வையற்ற மாணவர் ஒருவர் இருக்கிறார். குர்ஆனை முழுமையாக மனனம் செய்தவர். திரையில் உள்ள எழுத்தை வாசித்துக் காட்டும் வசதி அவருடைய கைபேசியில் உண்டு. அதைக்கொண்டு அவர் செய்தித்தாள் படிக்கிறார், கடிதம் எழுதுகிறார். தம் பங்கிற்கு அவரும் அந்தத் தளத்தைத் திறந்தார். கைபேசி "படம்" என்றது. விரலை நகர்த்தினார். மீண்டும் "படம்" என்றது. தொழுகை நேரங்கள், வழிகாட்டுக் குறிப்புகள், வரலாறு எல்லாமே அச்சிட்ட துண்டறிக்கைகளைப் புகைப்படம் எடுத்து ஏற்றப்பட்டவை. எழுத்தாக இருந்த ஒரே பக்கமும் ஒருங்குறியில் இல்லாமல் பழைய எழுத்துருவில் இருந்ததால், புரியாத ஆங்கில எழுத்துகளின் குவியலாக ஒலித்தது. அவர் சிரித்துக்கொண்டே கைபேசியை வைத்துவிட்டார். நாம் அவர் முகத்தைப் பார்க்க நாணினோம்.

கண் தெரியாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் அறிவு தேடி வந்தபோது, குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் திருப்பியதற்காக அல்லாஹ் ஓர் அத்தியாயத்தையே இறக்கினான். அபஸ அத்தியாயத்தை அழகாக ஓதக் கற்றுக்கொடுக்கும் நாம், பெரிய மனிதர்களின் கண்ணுக்கு விருந்தளிக்கும் தளத்தைக் கட்டிவிட்டுக் கண்ணற்றவரை வாசலிலேயே நிறுத்துகிறோம். மாற்றுத் திறனாளிகளும் படிக்கும்படி இணையப் பக்கம் அமைய வேண்டும் என்பதற்கு உலகளாவிய நெறிமுறை 1999 முதல் இருக்கிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமும் தகவல் அவர்களுக்கு எட்ட வேண்டும் என்கிறது. முஸ்லிமுக்கு அதைச் சொல்ல நெறிமுறையும் சட்டமும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கு வரும் மறுப்புகளையும் கேட்டிருக்கிறோம். "ஈமானோடு வருபவர் இணையத்தைப் பார்த்தா வருகிறார்?" என்கிறார்கள். ஆம், பார்த்துத்தான் வருகிறார். தம் மகனின் கைபேசியிலோ பேத்தியின் கைபேசியிலோ. "செலவுக்கு எங்கே போவது?" என்கிறார்கள். பறக்கும் காணொளிக்குத்தான் செலவு. திறக்கும் நேரம், மூடும் நேரம், பெண்களுக்குரிய வசதி, ஏறவேண்டிய படிகளின் எண்ணிக்கை, பேருந்து நிற்கும் இடம், எடுத்துப் பேசும் ஒருவரின் எண் ஆகியவற்றை எளிய தமிழ் எழுத்தில் ஒரே பக்கத்தில் இடுவதற்குப் பெரிய செலவில்லை. அலைவரிசை நலிந்த நம் வயற்காட்டு ஊர்களில் உடனே திறப்பதும் அத்தகைய பக்கம்தான். வக்ஃப் பணத்தை எதற்குச் செலவிட்டோம் என்று மறுமையில் கேட்கப்படும்போது, காணொளி நன்றாக இருந்தது என்று பதில் சொல்வோமா?

"நம் குறையை நாமே எழுதினால் பிறர் இகழமாட்டார்களா?" என்பது மூன்றாவது மறுப்பு. இதுவே உண்மையான தடை என்று கருதுகிறோம். பிறர் எழுதும் டெல்டா வரலாற்றில் நமக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது என்று மேடைதோறும் குறைப்படுகிறோம். நியாயமான குறைதான். ஆனால் ஆதாரத்தோடு எடுத்தாள்வதற்கு நாம் என்ன எழுதி வைத்திருக்கிறோம்? தஞ்சைப் பெரிய கோயில் 1987-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2004-இல் கங்கைகொண்டசோழபுரமும் தாராசுரமும் அதனோடு இணைந்தன. யுனெஸ்கோவின் தளத்தில் அதற்குரிய பக்கத்தில் அரபியிலும் சுருக்கம் இருக்கிறது. நம் மாணவர்கள் தஞ்சைக் கோயிலைப் பற்றி அரபியில் படித்துவிட்டு வியந்தனர். நாம் போய்வந்த தலத்தைப் பற்றியோ, அதன் சொந்தத் தளத்திலேயே நம்பத்தக்க ஒரு தமிழ்ப் பத்தி அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

கடல் கடந்த நம் முன்னோர் இதில் நம்மை முந்திவிட்டனர். சிங்கப்பூரின் தெலுக் ஆயர் தெருவில் 1828-க்கும் 1830-க்கும் இடையே நாகூர் தர்காவின் நினைவாக அவர்கள் ஒரு கட்டடம் எழுப்பினர். 1974-இல் அது தேசிய நினைவுச் சின்னமானது. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இயங்குகிறது. அதைப் பற்றிய ஆண்டுகளை அந்நாட்டு மரபுடைமைக் கழகத்தின் பக்கத்தில் எவரும் எடுத்துப் படிக்கலாம். கிளை இவ்வாறு ஆவணப்பட்டிருக்க, வேர் இருக்கும் மண்ணில் நாம் ஓடும் எழுத்துகளோடு நின்றுவிடலாமா?

காலம் குறைவாக இருக்கிறது என்பதால்தான் இவ்வளவு கடுமையாக எழுதுகிறோம். 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்நாளில் நாகூர் தர்கா மதம் பாராமல் மக்களுக்கு அடைக்கலம் தந்ததும், அதன் நிலத்தில் இறந்தோரை அடக்கம் செய்ததும் நாம் அறிந்தவை. குழி வெட்டியவர்கள், குழந்தைகளைத் தூக்கிச் சுமந்தவர்கள், சோறாக்கிப் போட்ட தாய்மார்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அறிவிப்பாளர்கள் உயிரோடு இருக்கிறார்கள்! அன்று நாற்பது வயதில் இருந்தவர் இன்று அறுபதைக் கடந்துவிட்டார். அவர்களிடம் கேட்டு, பெயரும் நாளும் குறித்து, யார் சொன்னது என்பதோடு எழுதி வைத்தால் அது வரலாறு. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து எழுதினால், அதுவும் தொடர் அறுந்த செய்திகளுள் ஒன்றாகிவிடும். அப்போது நம் பேரப்பிள்ளைகள் அதை நம்பாவிட்டால் அவர்களைக் குற்றம் சொல்ல நமக்கு உரிமை இராது.

இத்தனையும் எழுதிவிட்டு நம்முடைய குவியலுக்குள் கையை விடாமல் இருந்தால் நாமும் அந்த வணிகரே. மாணவர்கள் அதே கேள்விகளோடு நம் மத்ரஸாவின் பக்கத்தையும் சோதித்தனர். அது தேறவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய பட்டமளிப்பு அழைப்பிதழ் அங்கே படமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. ஊரைவிட்டே போய்விட்ட ஓர் ஆசிரியரின் எண் தொடர்புக்குத் தரப்பட்டிருந்தது. மத்ரஸா தொடங்கிய ஆண்டு இரண்டு பக்கங்களில் இரண்டு விதமாக இருந்தது. எது சரி என்று நமக்கே தெரியவில்லை. பழைய பதிவேட்டைத் தேடி எடுத்த பிறகே தெரிந்தது.

இப்போது அது படமில்லாத, இசையில்லாத ஒரே பக்கம். வகுப்பு நேரமும் விடுமுறையும் முதலில் வருகின்றன. அடுத்து, என்னென்ன இல்லை என்று எழுதியிருக்கிறோம்: சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இல்லை, பெண்களுக்குக் காத்திருக்கும் அறை இல்லை, வெள்ளிக்கிழமை எவரும் தொலைபேசியை எடுக்கமாட்டார்கள். கடைசியில் எழுதியவர் பெயரும் திருத்திய நாளும் இருக்கின்றன. நிர்வாகக் குழுவில் ஒருவர் அந்த "இல்லை"களைப் படித்துவிட்டு முகம் சுளித்தார். மறு மாதமே சாய்தளத்திற்கு மணலும் சிமெண்டும் இறக்கியவரும் அவர்தான். பார்வையற்ற அந்த மாணவர் பக்கம் முழுவதையும் கேட்டுவிட்டு, "ஹஜ்ரத், அஸர் நேரம் பழசா இருக்கு, மாத்தணும்" என்றார். உடனே மாற்றினோம்.

முத்தவல்லிகளிடமும் ஜமாஅத் நிர்வாகிகளிடமும் நாம் கேட்பதும் இவ்வளவுதான். இன்று இரவு உங்கள் ஊர்ப் பக்கத்தைத் திறந்து ஒரு முதியவரிடமும் ஒரு பெண்ணிடமும் ஒரு வெளியூர்க்காரரிடமும் கொடுங்கள். அவர்கள் அதை நம்பிப் புறப்பட்டால் வாசலில் என்ன நேரும் என்று நீங்களே நேர்மையாக எண்ணிப் பாருங்கள். ஈரம் இருந்தால் மறைக்காதீர்கள். மேலே எடுத்து வையுங்கள். வெயில் பட்டால்தான் அது காயும்.

அமானிதத்தை உரியவரிடம் ஒப்படைக்கும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.